எவ்வளவு தூரம் கேட்கும்?

கையில் அடங்கும் வயர்லெஸ் பெட்டி ஒன்றைப் பார்த்ததும் படித்தவர், படிக்காதவர், குழந்தை, கிழவர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எவ்வளவு தூரம் கேட்கும்?" விலையைக்கூட அப்புறம்தான் விசாரிப்பார்கள். கேள்வி நியாயமானதே. குரல் போய்ச் சேராத கருவி வெறும் பெட்டிதானே?

இந்த விஷயத்தில் மனிதர்களாகிய நமக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிரே இருப்பவருக்கு நாம் சொல்வது காதில் விழவில்லையென்றால் உடனே குரலை உயர்த்துவோம். எழுந்து நாலடி நடந்து கதவைத் திறந்துவிட்டுப் பேசலாம் என்று தோன்றாது. வயர்லெஸ் பெட்டி வாங்கினவர்களும் அப்படித்தான். தூரம் போதவில்லையென்றால், "5 வாட் பெட்டி போதாது, 10 வாட் பெட்டி வேண்டும்" என்று கடைக்கு ஓடுகிறார்கள். மாடிப்படி ஏறிப் பார்ப்பவர் குறைவு.

குரலைவிட உயரம் பெரிது என்னும் பாடத்தைக் கற்க நாம் சீமைக்குப் போகவேண்டாம். நான் குடியிருக்கும் பாலவாக்கத்தைச் சுற்றியே அந்தச் சரித்திரம் இறைந்து கிடக்கிறது. கிழக்கே கடல். வடமேற்கில் சுமார் 9 கிலோமீட்டரில் பரங்கிமலை. தென்மேற்கில் ஏறக்குறைய அதே தூரத்தில் பெரும்பாக்கத்துக் குன்று. இந்த இரண்டு மேடுகளுக்கும் இடையே, 1802-ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில், வில்லியம் லாம்டன் என்ற துரை இரும்புச் சங்கிலி பிடித்துத் தரையை அளந்தார். ஏப்ரல் 10-ஆம் தேதி தொடங்கிய அந்த வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. அளந்த தூரம் ஏழரை மைல். இந்தியா தேசம் முழுவதையும் அளந்த மகத்தான திரிகோண சர்வேக்கு அந்த ஏழரை மைலே அஸ்திவாரம்.

"வயர்லெஸ்ஸைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சங்கிலி பிடிக்கிறாரே!" என்று வாசகர்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. லாம்டன் துரையின் தொழிலில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கோணம் அளக்க முடியாது. சர்வே அங்கேயே நின்றுவிடும். குன்றுகள் இருந்தவரை அவருக்குக் கவலையில்லை. தஞ்சாவூர்ச் சீமைக்கு வந்தபோது சிக்கல் பிறந்தது. கண்ணுக்கெட்டிய வரை சமதரை. சமதரை முழுவதும் தென்னை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மட்டை மறைத்தது. துரை என்ன செய்தார்? கோயில்களின் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப் போயிற்று. மனிதர் மனம் தளராமல், கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்துவிட்டார். அவ்வளவு ஆபத்துக்குத் துணிந்து அவர் கோயில்மேல் ஏறியது எதற்காக? தூரம் வேண்டுமென்றால் உயரம் வேண்டும் என்பதற்காக.

இதே பாடத்தைச் சென்னைக் கடற்கரையின் கலங்கரை விளக்கங்களும் நூற்றெண்பது வருஷங்களாகச் சொல்லி வந்திருக்கின்றன. 1796-இல் முதல் விளக்கைக் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றினார்கள். 1844-இல் அதற்கென்றே கட்டின கல் தூணுக்கு விளக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய ஹைகோர்ட்டு வளாகத்தில் அந்தத் தூணை இப்போதும் பார்க்கலாம். 1894-இல் ஹைகோர்ட்டுக் கட்டிடத்தின் உச்சிக் கோபுரத்துக்கே விளக்கு ஏறியது. 1977-இல் மெரினாவில் தனிக் கோபுரம் எழுந்தது. எண்ணெயும் திரியும் கண்ணாடியும் காலத்துக்குக் காலம் மாறின என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு பிரகாசமான விளக்கையும் தரையில் வைத்தால் கப்பல்காரனுக்குப் பிரயோஜனமில்லை. பூமி உருண்டை; கடல் நடுவே அது முதுகை வளைத்துக்கொண்டு மறைக்கிறது. அந்த முதுகைத் தாண்டி எட்டிப் பார்க்க உயரம் ஒன்றே வழி.

கைப்பெட்டிகள் பயன்படுத்தும் ரேடியோ அலைகள் ஒளியின் நெருங்கிய பந்துக்கள். நம் நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, அதாவது உலகம் 'ஹாம்' என்று அழைக்கும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு, சர்க்கார் ஒதுக்கியிருக்கும் அலைவரிசைகளில் ஒன்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. இதன் அலைநீளம் சுமார் 2 மீட்டர். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஒளியைவிடச் சிறிதே கூடுதலாக, பூமியின் வளைவை ஒட்டி வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சுலபமான மனக்கணக்கு உண்டு. ஏரியல் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்குங்கள். வருகிற தொகைதான் ரேடியோவின் தொடுவானம், கிலோமீட்டரில். தரையில் நின்று முகத்தருகே பெட்டியைப் பிடித்துப் பேசுகிறவரின் ஏரியல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருடைய தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரே பேசுகிறவரும் தரையில் நின்றால் அவருக்கும் 5. இருவருக்கும் நடுவே 10 கிலோமீட்டர் வரை பேச்சு நடக்கலாம், அதுவும் வெட்டவெளியில். ஒருவர் இரண்டு மாடி வீட்டின் தளத்தில், 9 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றால் அவருடைய 5 கிலோமீட்டர் 12 ஆகிறது. பரங்கிமலை சுமார் 90 மீட்டர். அதன் உச்சியில் நின்றால் 38. தொட்டபெட்டாச் சிகரம் 2637 மீட்டர். அங்கே நின்றால் 200-க்கும் மேல்! பெட்டி அதே பெட்டிதான். பாட்டரியும் அதேதான். மனிதர் மட்டும் மேலே ஏறியிருக்கிறார்.

சக்தியை உயர்த்தினால் என்ன ஆகும்? திறந்த வெளியில்கூடத் தூரத்தை இரண்டு மடங்காக்கச் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும். தரையை ஒட்டிப் போகும் அலைக்கு அதுவும் போதாது. பதினாறு மடங்கு கேட்கும். 5 வாட் பெட்டியை 10 வாட் ஆக்கினவருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். பாட்டரி மட்டும் பாதி நேரத்தில் தீர்ந்து போகும். தொடுவானத்துக்கு அப்பால் இருப்பவரிடம் எவ்வளவு கத்தினாலும் பயன் குறைவு என்பது இதன் சாராம்சம்.

சென்னைப் பட்டணத்தில் வயர்லெஸ் பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போவது நன்றியில்லாத காரியம். இந்தப் பட்டணத்தில் முதன் முதலில் ஒலிபரப்பு நடத்தியது சர்க்கார் அல்ல, கம்பெனி அல்ல, பொழுதுபோக்குக்காரர்கள்! சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற மின்சார இஞ்சினீயர் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது டிரான்ஸ்மிட்டர் செய்வதற்கான உறுப்புகளைக் கொண்டுவந்தார். 1924 மே 16-ஆம் தேதி 'சென்னை மாகாண ரேடியோ கிளப்' தோன்றியது. அதே வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்புத் தொடங்கியது. முதலில் அவர்களிடம் இருந்த சக்தி 40 வாட். ஒரு மின்சார பல்பு தின்கிற சக்தி! பிறகு 200 வாட் ஆக்கினார்கள். ஆனால் எத்தனை வாட் இருந்தாலும் பணமில்லாமல் கிளப் நடக்குமா? 1927 அக்டோபரில் மூடவேண்டியதாயிற்று. டிரான்ஸ்மிட்டரைச் சென்னைக் கார்ப்பொரேஷனிடம் ஒப்படைத்தார்கள். கார்ப்பொரேஷன் அதைக் கொண்டு 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒலிபரப்பை மீண்டும் ஆரம்பித்தது.

அந்தக் கார்ப்பொரேஷன் ரேடியோவில் நம் விஷயத்துக்கு வேண்டிய ஒரு சாமர்த்தியம் இருந்தது. வீடுகளில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் அக்காலத்தில் மிகக் குறைவு. ஆகவே ஒலிபரப்பின் சக்தியைப் பெருக்குவதோடு நில்லாமல் கேட்கும் இடத்தைப் பெருக்கினார்கள். மெரினா கடற்கரை, ஹைகோர்ட்டுக் கடற்கரை, ராபின்ஸன் பார்க், பீபிள்ஸ் பார்க் ஆகிய இடங்களில் ஒலிபெருக்கி வைத்து மாலை வேளைகளில் சங்கீதம் கேட்கச் செய்தார்கள். கடலைக் காகிதமும் கையுமாக மணலில் உட்கார்ந்து, எங்கிருந்தோ வருகிற பாட்டைக் கேட்ட அந்த ஜனங்களுக்கு வாட்டும் தெரியாது, ஏரியலும் தெரியாது. ஆனால் பேசுகிறவனும் கேட்கிறவனும் சேர்ந்தால்தான் தூரம் என்ற உண்மை அன்றைக்கே கடற்கரை மணலில் நிரூபணமாகிவிட்டது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கியதும் கார்ப்பொரேஷன் ஒதுங்கிக்கொண்டது.

இரண்டாவது உலக மகாயுத்தம் கைப்பெட்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்க ராணுவத்துக்காக மோட்டரோலா கம்பெனி செய்த 'ஹாண்டி-டாக்கி' ஐந்து ராத்தல் எடை; தரையில் எட்டிய தூரம் சுமார் ஒரு மைல், தண்ணீர்மேல் சுமார் மூன்று மைல். கடலோரத்தில் வசிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். தண்ணீர்மேல் குறுக்கே சுவர் இல்லை, மரம் இல்லை. உப்பு நீர் அலைக்கு அனுசரணையாகவும் இருக்கிறது.

அதே யுத்த காலத்தில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லவேண்டும். 1926-இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதுவித ஏரியலைப் பற்றி எழுதினார்கள். ஒரு தண்டின்மேல் வரிசையாகக் குறுக்குக் குச்சிகள். பார்ப்பதற்கு மீன் முள் மாதிரி இருக்கும். அலையை நாலா பக்கமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்து அனுப்பும். சொந்த நாட்டில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது பிரிட்டிஷ் ராடார் நிலையத்துக் குறிப்புப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதில் 'யாகி' என்ற சொல் அடிக்கடி வந்தது. ஜப்பானிய நிபுணர்களுக்குப் பொருள் விளங்கவில்லை. கைதியாக இருந்த ஆங்கிலேயனைக் கேட்டார்கள். "அது உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர்தான்!" என்று அவன் சொன்னானாம். உள்ளூர் வைத்தியனுக்கு மதிப்பு எந்த நாட்டிலும் இல்லை போலிருக்கிறது!

அந்த மீன் முள் ஏரியலைப் பின்னால் நம் வீட்டு மாடிகள் அனைத்தும் அறிந்தன. டெலிவிஷன் வந்த காலத்தில் ஒவ்வொரு கைப்பிடிச் சுவர்மேலும் அது நின்றது. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டர் இருந்த இடம் பிதுருதாலகால மலை, 2524 மீட்டர். நம் கணக்குப்படி அதன் தொடுவானம் சுமார் 200 கிலோமீட்டர். இராமேசுவரமோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆயினும் தென் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் உயரமான குழாய் நட்டு, அதன் தலையில் ஏரியலைக் கட்டித் தெற்கு நோக்கித் திருப்பி வைத்தவர்கள் ரூபவாகினி பார்த்தார்கள். மிச்சத் தூரத்தைக் கொடுத்தது கடல். வெயில் காலத்தில் கடலின் மேலே ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காற்று தங்கி, அதற்கு மேல் உலர்ந்த உஷ்ணக் காற்றுப் படர்ந்தால், இரண்டுக்கும் நடுவே அலைகள் ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல் வளைந்து நெடுந்தூரம் ஓடும். பாலவாக்கத்தில் ஹாம்கள் சில மாலைகளில் எதிர்பாராத குரல்களைக் கேட்டுத் திடுக்கிடுவதற்கும் இதுவே காரணம்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார். சர்க்கார் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக் குறி பெற்றவர். அவர் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடிக்கும் ஏரியலுக்கும் நிரந்தரத் தகராறு. கைப்பெட்டியின் தூரத்தைக் கூட்ட அவர் கையாளும் உபாயங்களை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

முதல் உபாயத்துக்குக் காலணாச் செலவில்லை. பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசாமல், ஏரியல் செங்குத்தாக நிற்கும்படி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அலைகளைக் குடித்துவிடும். இரண்டாவது, பெட்டியோடு வருகிற ரப்பர் உறை போட்ட குட்டை ஏரியலைக் கழற்றிவிட்டு, கால் அலைநீளம், அதாவது சுமார் 49 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியைப் பொருத்துவது. குட்டை ஏரியல் சட்டைப்பைக்குச் சௌகரியம். அலைகளுக்குச் சௌகரியம் இல்லை. மூன்றாவது, அதே நீளமுள்ள ஒரு மின்கம்பியைப் பெட்டியின் உலோகப் பாகத்தோடு சேர்த்து வால் மாதிரி தொங்கவிடுவது. ஏரியலுக்கு ஒரு பாதி போதாது, மறுபாதியும் வேண்டும். அந்த வால்தான் மறுபாதி. நான்காவது, அலுமினியக் குழாயில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஓர் ஏரியல் செய்து மாடியில் நட்டு, கேபிள் வழியே பெட்டியோடு இணைப்பது. இதில் சிக்கனம் பார்த்து மெல்லிய கேபிள் வாங்கினால் 15 மீட்டர் ஓடுவதற்குள் பாதிச் சக்தி கேபிளிலேயே கரைந்துவிடும். ஐந்தாவது, யாகியின் மீன் முள். ஆறாவது, 'ரிப்பீட்டர்'. உயரமான மேட்டில் நிற்கும் இந்த எந்திரம், கீழேயிருந்து வரும் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே கணத்தில் இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்கிறது. மலை ஏற முடியாதவர்களுக்காக மலைமேல் ஒரு காதும் வாயும் வைத்ததுபோல.

ரிப்பீட்டருக்கு மலை போதாது, ஆகாயமே வேண்டும் என்று எண்ணினவர்களும் உண்டு. 2005 மே 5-ஆம் தேதி நமது பக்கத்து ஊரான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளைக் கொண்டு போயிற்று. உலகத்து ஹாம்களுக்கு இந்தியா கொடுத்த பரிசு அது. அதிலிருந்த இரண்டு அஞ்சல் கருவிகளில் ஒன்று நம்மவர் செய்தது. மற்றொன்றை நெதர்லாந்து தேசத்து மாணவர் ஒருவர் செய்து கொடுத்தார். இரண்டு வருஷம் உழைக்கும் என்று எண்ணி அனுப்பியது 2014 ஜூலை வரை உழைத்தது. 2020-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம்களுக்காக ரிப்பீட்டர் ஒன்றை இயக்கி வைத்தார்கள். பூமிக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அது தலைக்கு மேலே கடக்கும்போது 5 வாட் கைப்பெட்டியின் குரல் அதற்குப் போய்ச் சேருகிறது. பாலவாக்கத்துத் தெருவில் நின்றபடி தாம்பரத்துக்கு எட்டாத பெட்டி விண்வெளிக்கு எட்டுகிறது! காரணம், தாம்பரத்துக்கும் நமக்கும் நடுவே ஆயிரம் கட்டிடங்கள். விண்வெளிக்கும் நமக்கும் நடுவே ஒன்றுமில்லை.

நண்பர் இதையெல்லாம் ஒரு சாயங்காலம் கடற்கரையில் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவ இளைஞர் ஒருவர் எழுந்து வந்தார்.

"சார், இத்த வச்சிக்கினு எம்மாந்தூரம் பேசலாம்?" என்று கேட்டார்.

"இங்கே மணல்லே நின்னா திருவான்மியூர் போகும், தம்பி. மாடிமேலே ஏறினா தாம்பரம் போகும்" என்றார் நண்பர்.

இளைஞர் கடலைப் பார்த்தார். "படகுல ஏது சார் மாடி?" என்றார்.

நண்பர் சற்றுப் பேசாமல் இருந்தார். பிறகு, படகுகளுக்கென்று தனி அலைவரிசையும் தனிப் பெட்டியும் உண்டு என்பதையும், ஹாம் பெட்டியை அதற்கு உபயோகிக்கச் சட்டம் இடங்கொடாது என்பதையும் சொல்லிவிட்டு, "எந்தப் பெட்டியானாலும் சரி, ஏரியலை மட்டும் மூங்கில் தலையிலே கட்டு. நாலு மீட்டர் மூங்கில்னாலும் எட்டு கிலோமீட்டர். கரையிலே கோபுரம் உசரமா இருந்தா அதோட தூரமும் சேரும்" என்று கணக்குச் சொன்னார்.

கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'படகிலே ஏது மாடி?' கட்டிடவாசிகளாகிய நமக்குத் தூரம் ஒரு பொழுதுபோக்கு. கடலில் இருப்பவனுக்கு அது உயிர்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் அடித்த புயலில் பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டி நூறுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. கம்பிகள் அறுந்து கிடந்தன. ஊர் அழிந்த செய்தியே தாமதமாகத்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 2017 நவம்பர் கடைசியில் வீசிய ஒக்கிப் புயல் இன்னும் கொடுமையான ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டுப் போனது. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் வயர்லெஸ் பெட்டிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பெட்டியின் தொடுவானம் சில பத்துக் கிலோமீட்டர்; அவர்கள் இருந்ததோ அதற்கு வெகு தொலைவில். படகிலிருந்து படகுக்குச் சொல்லி அனுப்பிச் சேர்ந்தவரை செய்தி சேர்ந்தது. சேராத இடத்தில் புயல் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக எத்தனையோ குடும்பங்கள் மாண்டவர்களையும் காணாமற்போனவர்களையும் எண்ணிக் கலங்கி நின்றன. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் கருவிகளைப் படகுகளுக்கு வழங்கும் முயற்சி வேகம் பெற்றது. படகுக்கு மாடி இல்லையென்றால் ஆகாயத்தையே மாடியாக்க வேண்டியதுதான் அல்லவா? ஆனால் அந்த ஞானம் வருவதற்கு நாம் கொடுத்த விலை அதிகம்.

இதற்கு மாறான உதாரணமும் இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹாம் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து ஹாம்கள் பேசச் சர்க்கார் பல வருஷங்களாக அனுமதி தராமலிருந்தது. போராடி அனுமதி பெற்றிருந்தார்கள். உலகெங்குமுள்ள ஹாம்களோடு உல்லாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, டெலிபோன்கள் செத்துப்போயின. விளையாட்டுக்காகக் கொண்டுபோன பெட்டிகள் அன்றிலிருந்து தீவுகளின் குரலாயின. அவர்கள் உபயோகித்தது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிவரும் சிற்றலை. அதற்குத் தொடுவானத் தடை இல்லை. காணாமற்போனவர்களைப் பற்றிய விசாரணைகளும், 'உயிரோடு இருக்கிறேன்' என்ற இரண்டு வார்த்தைச் செய்திகளும் அந்த வழியே கடல் தாண்டின. அதே காலையில்தான் எங்கள் பாலவாக்கம் உட்பட இந்தக் கரை முழுவதும் அலை ஏறி வந்தது என்பதை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள்.

அந்தமானின் செய்தி தாய்நாட்டை எட்டியதற்குப் போர்ட் பிளேரில் இருந்த ஏரியல் மட்டும் காரணமல்ல. இந்தப் பக்கத்தில் சிலர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை நீரில் மூழ்கியபோதும் இதுவே நடந்தது. மின்சாரம் நின்று, பல பேட்டைகளில் செல்போன் கோபுரங்கள் ஊமையாகிவிட்டன. நேற்று வரை உலகத்தோடு பேசிய பெட்டி பக்கத்துத் தெருவோடு பேச மறுத்தது. செல்போனுக்கு நடுவே ஒரு கோபுரம் வேண்டும். அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கைப்பெட்டிக்கு இன்னொரு கைப்பெட்டி போதும். மாடியில் ஏறி நின்ற ஹாம்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லி உதவினார்கள்.

ஹாம்கள் காலை வேளைகளில் குறித்த அலைவரிசையில் கூடி, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, "உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது" என்று சொல்லிக்கொள்வது வழக்கம். வெளியாருக்கு அது வேலையற்றவர்களின் வேலையாகத் தோன்றும். மழை நல்லபடியாகப் பெய்யும் வருஷத்தில் ஏரிக்கரையைக் காவல் பார்ப்பவனும் வேலையற்றவனாகத்தான் தோன்றுவான். யாருடைய மாடியிலிருந்து யாருக்குக் கேட்கும், எந்தத் தெருவில் குரல் மங்கும், எவர் வீட்டு ஏரியல் காற்றில் சாய்ந்துவிட்டது என்பதெல்லாம் அந்த அரைமணிப் பேச்சில்தான் தெரியவருகிறது. புயல் வருகிற நாளில் இதையெல்லாம் கண்டுபிடிக்க அவகாசம் இராது.

ஆகையால் கைப்பெட்டி வாங்குகிற அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பெரிய பெட்டிக்குப் பணம் சேர்க்குமுன் நல்ல ஏரியலுக்குச் செலவழியுங்கள். அதற்கு முன்பு மாடி ஏறிப் பாருங்கள். அதற்கும் முன்பு, தினம் ஒரு வேளையாவது பெட்டியைத் திறந்துவைத்துப் பிறர் பேசுவதைக் கேளுங்கள். லாம்டன் துரை எவ்வளவு உயரத்தில் ஏறி நின்றாலும், எதிர்க் குன்றில் கொடி பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கவேண்டியிருந்தது. வெயிலில் நின்ற அந்தக் கொடிக்காரர்களின் பெயர்களைச் சரித்திரம் எழுதிவைக்கவில்லை. அவர்கள் நிற்காமல் போயிருந்தால் துரையின் கோணமானிக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திராது.